மேற்குச் சரிவுக்கு நீ அடித்த மஞ்சள்

முருகேசா,

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் தங்கை செல்வி நன்றாக இருக்கிறாள். அவள் பிள்ளை நேற்றிலிருந்து குப்புற விழப் பழகுகிறான், விழுந்துவிட்டுத் திரும்பத் தெரியாமல் கத்துகிறான். மாப்பிள்ளை பாண்டிக்குச் சளி, வேறொன்றுமில்லை. மேற்கு லயத்து வரிசையில் பன்னிரண்டு வீட்டு ஆட்களும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் பாய் விரித்து ஒருத்தரை ஒருத்தர் வைதுகொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். ஓர் ஆள் குறையவில்லை. மாரியம்மாளின் ஆடு ஒன்றுதான் போயிற்று, அதுவும் கட்டை அவிழ்த்துக்கொண்டு தானாகத் திரும்பிப் போன ஆடு. இதையெல்லாம் தந்தியில் சொன்னேன், மாப்பிள்ளையும் விவரமாக எழுதினார். ஆனாலும் நீ நம்பின மாதிரித் தெரியவில்லை. அதனால் இன்னொரு தரம் சொல்கிறேன், நம்பு. எல்லோரும் இருக்கிறார்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, எனக்கு நெஞ்சு லேசாக இருக்கிறது. இந்த வயதில் மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது இத்தனை சுகம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

உன் கடிதம் பூப்பாறை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மூன்று பக்கம். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகப்போவதில்லை, வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கே வருகிறேன், தங்கச்சியையும் அவள் பிள்ளையையும் கொல்லப் பார்த்த கை இனி மேப்பைத் தொடாது என்று எழுதியிருக்கிறாய். உங்கம்மா அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன், எழுத உட்கார்ந்த பிறகுதான் அது யார் மேல் என்று பிடிபடுகிறது. நீ ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால் உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று தெரிய வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எனக்கு நேராக விஷயத்துக்கு வரத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

மாசியில் போடிப் பக்கத்துப் புல்லிலிருந்து தீ ஏறினது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது ஹைதராபாத் ஆபீஸில் இருந்தாய், நான்தான் எழுதினேன். சாந்தன்பாறைக்கு மேலே உள்ள மலை இரண்டு பக்கமும் எரிந்தது. நாங்கள் தழை வெட்டி அடித்தோம், பச்சை மண்ணை அள்ளிக் கொட்டினோம், கடைசியில் அதுவாக அணைந்தது. அணைந்த பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இடவப்பாதித் தென்மேற்கு மழை இறங்கும்போது இந்த மலை நிற்குமா, சரியுமா. அடிவாரத்தில் கிழக்கே ஒரு லயம், மேற்கே ஒரு லயம். மேற்கு லயத்தில் இரண்டாவது வீடு செல்வி வீடு. அப்போதுதான் அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. நம்ம மலைக்கு மேலே பறக்கிற செயற்கைக்கோள் எடுத்த படம் வந்திருக்கிறது, அதை வைத்து மண் எங்கே எவ்வளவு வெந்திருக்கிறது என்று மேப் போடும் வேலையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன் என்று நீ எழுதினாய். அந்தக் கார்டை நான் எத்தனை பேரிடம் காட்டினேன் என்று கேட்காதே.

நீ சித்திரையில் ஜீப்பில் வந்து இறங்கி, படத்தைச் சுருளிலிருந்து பிரித்துக் கட்டிலில் விரித்தாய். பாதி எஸ்டேட் நம்ம வீட்டு வாசலில் நின்றது. “இது ஆரியபட்டா எடுத்ததாய்யா?” என்று ஒருத்தன் கேட்டான். இல்லை, இது வேறு தேசத்தார் விட்டது என்றாய். காடெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து உங்கம்மா, “என்னடா இது, இன்னமுமா எரியுது?” என்று பதறிப் போனாள். பச்சையாக உயிரோடு இருக்கிற மரம்தான் இந்தப் படத்தில் சிவப்பாக விழும் என்று நீ சொன்னாய். “அப்ப நல்லதுக்குச் சிவப்பு, கெட்டதுக்கு என்ன கலரு?” என்றாள். கருப்பு என்றாய். ஆனால் கருப்பு என்றதும் பயப்படக் கூடாது, மேலே கரி கிடந்தால் அடியில் மண் பிழைத்திருக்கும், சாம்பல் வெளுத்து மண் செங்கல் மாதிரிச் சிவந்திருந்தால்தான் மோசம், அதை வானத்திலிருந்து மட்டும் சொல்ல முடியாது, போய்த் தோண்டித்தான் பார்க்க வேண்டும் என்றாய். படத்தின் ஒரு புள்ளிக்குள் ஓர் ஏக்கருக்கு மேல் அடங்கிவிடும் என்றும் சொன்னாய். நான் ஓரமாக நின்று பீடி குடித்துக்கொண்டு, இவனுக்கா நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேற்குச் சரிவில்தான் சிக்கல். அந்தக் கோள் நம்ம மலையைத் தாண்டுவது காலை ஒன்பதரை மணி போல. அப்போது வெயில் கிழக்கே இருந்து விழும், மேற்குச் சரிவு தன் நிழலிலேயே கிடக்கும். நிழலும் கருப்பு, தீப்பட்டதும் கருப்பு. எது எது என்று பிரிக்க முடியவில்லை, நடந்துதான் பார்க்க வேண்டும் என்றாய். கிழக்குச் சரிவை முதல் இரண்டு நாளில் முடித்தாய், இரண்டாவது நாள் இறங்கும்போது கணுக்கால் பிசகிற்று. மறுநாள் சாயந்திரம் ஜீப் திரும்ப வேண்டும். கால் பூசணிக்காயாக வீங்கியிருக்க, நீ தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பப் பார்த்தாய். “நீ இருலே, நான் போறேன். இருபத்தாறு வருசமா நான் ஏறாத சரிவா?” என்றேன். நீ ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்து, “ஆறு இடத்துல தோண்டுங்கப்பா. சாம்பல் நிறம், வேர், மண்ணு எல்லாத்தையும் எழுதுங்க. லயத்துக்கு ஆபத்து உண்டா இல்லையாங்கிறதுதான் முக்கியம்” என்றாய். ஃபாரஸ்ட் வாச்சர் குஞ்ஞப்பன் சேட்டனைக் கூட்டிக்கொண்டு நான் ஏறினேன்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்கு ஆறு வயதில் போடியில் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து நீ, “அத்தை, கொஞ்சம் வெள்ளம் தாங்க” என்றாய். மலையில் நம்ம லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் கேட்கும், மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்தானே. ஆனால் போடிக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருகிற வெள்ளம். பந்தியே சிரித்தது. “வெள்ளம் வேணுமாம்ல இவனுக்கு, ஆத்துல கொண்டு போயி விடுங்கப்பா” என்றான் ஒருத்தன். எனக்கு மானம் போயிற்று. எல்லோர் முன்னாலும் உன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். “தண்ணின்னு சொல்லு” என்றேன். நீ தண்ணி என்றாய், ஆனால் குடிக்கவில்லை. அடுத்த வருடமே உன்னை உத்தமபாளையத்து ஹாஸ்டலில் கொண்டு போய்ச் சேர்த்தேன், பேச்சு சுத்தமாகட்டும் என்று. சுத்தமாயிற்று. லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு மலையாள வார்த்தை கலக்காமல் நீ பேசுவதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். இப்போது சொல்கிறேன், அந்த அடிக்கு நான் வெட்கப்படுகிறேன். ஊரார் சிரிக்கிறார்கள் என்று பெற்ற பிள்ளையை அடித்தவன் நான். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்கள் எந்தப் பேச்சில் வேண்டுமானாலும் தண்ணீர் கேட்கட்டும், நீ முதலில் தண்ணீரைக் கொடு.

மேற்குச் சரிவுக்கு வருகிறேன். அங்கே போன வருடக் காற்றில் விழுந்த மரங்கள் எடுக்காமல் காய்ந்து கிடந்தன அல்லவா, தீ அவற்றில் உட்கார்ந்து நாள்கணக்கில் புகைந்திருக்கிறது. கால் வைத்தால் கணுக்கால் வரை சாம்பல், வெள்ளைச் சாம்பல். நான் தோண்டினேன். குஞ்ஞப்பன் சேட்டன் இடுப்பில் இருந்த குப்பியைத் திறந்து குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். நீ சொல்லாத வேலை, அவராகச் செய்தது. தண்ணீர் சேம்பிலையில் நிற்பது போல உருண்டு நின்றது, பிறகு சரிவில் ஓடிப் போயிற்று. மண் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஆறு இடத்திலும் அப்படித்தான். அவர் தலையை ஆட்டி, “வெள்ளம் இறங்ஙுன்னில்லல்லோ, சூப்பர்வைசரே. மண்ணு வெந்து போயி” என்றார். மழை பெய்தால் இந்த மண் தண்ணீரை உள்ளே விடாது, எல்லாம் மேலாகவே ஓடும், பிடித்துக்கொள்ள வேரும் இல்லாததால் மண்ணும் கூடவே ஓடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. நீ எழுதச் சொன்ன சாம்பல் நிறம், வேர் ஒன்றையும் நான் எழுதவில்லை. என் எழுத்து உனக்குத் தெரியும், ஒரு வரி எழுத ஒரு பீடி வேண்டும், இந்தக் கடிதத்துக்கு இன்று கட்டுக்கட்டாகப் போகிறது. உன் ஆபீஸில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சம் வேறு. சேட்டன் சொன்ன ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்து இப்படி எழுதினேன்: “மேற்குச் சரிவு பூரா நடந்தோம். ஆறு இடம் தோண்டியது. எங்கும் வெள்ளம் இறங்காது.” கீழே வந்தபோது ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் வழியாக நோட்டைக் கொடுத்து, “எல்லாம் எழுதியிருக்கேன்யா” என்றேன். நீ கிளம்பிவிட்டாய்.

வைகாசியில் உன் மேப் தபாலில் வந்தது. எஸ்டேட் ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். மண் வெந்து போன இடத்துக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு ஆரஞ்சு, லேசாகத் தீப்பட்ட இடத்துக்கு மஞ்சள். கிழக்குச் சரிவில் பாதிக்கு மேல் சிவப்பு, அதைப் பார்த்து மேனேஜர் கிழக்கு லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். மேற்குச் சரிவு முழுக்க மஞ்சள். மேற்கு லயம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் கழித்து உன் கடிதம் வந்தது. என் கண்ணாடி உடைந்திருந்ததால் உங்கம்மா வாசித்தாள். “மேற்குச் சரிவு படத்தில் நிழலாக இருந்ததால் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. எங்கும் வெள்ளம் இறங்காது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. செல்வியை இடம் மாற்ற வேண்டாம்.” உங்கம்மா நிறுத்திவிட்டு மறுபடி அந்த வரியை வாசித்தாள். “ஏங்க, தண்ணி இறங்காதுன்னா இவன் எதுக்கு நிம்மதிங்கிறான்? கிறுக்கா பிடிச்சிருக்கு இவனுக்கு?” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதினது தண்ணீர். நீ வாசித்தது வெள்ளப்பெருக்கு. மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது என்று நான் எழுத, மலையிலிருந்து வெள்ளம் இறங்கி வராது என்று நீ எடுத்துக்கொண்டாய். உன்னை அடித்து மறக்க வைத்த வார்த்தையை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெளியே முதல் மழை தூற ஆரம்பித்திருந்தது.

சட்டைகூடப் போடாமல் ஆபீஸுக்கு ஓடினேன். மேப் தப்பு, மேற்கு லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்றேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்து, “தன்றெ மகன் தன்னேயல்லே இது வரச்சது?” என்றார். ஆமாம் சார், இதை வரைந்தது என் மகன்தான், தப்பு அவன் மேல் இல்லை என்று நான் உளறினதில் அவருக்கு என்ன புரிந்ததோ, ஸ்டோர் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். குஞ்ஞப்பன் சேட்டனை அழைத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஒருத்தரும் அசையவில்லை. மாப்பிள்ளைகூட, “மாமா, மச்சான் மஞ்சள்னு போட்டிருக்காரு. வானத்துல இருந்து பாத்தது தப்பா, இல்ல நீங்க பாத்தது தப்பா?” என்றார். “ரெண்டும் தப்பில்ல மாப்ள, எழுதினது தப்பு” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அந்த நேரம் செல்வி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “அப்பா சும்மா சொல்ல மாட்டாக. தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருப்பாக” என்று சொல்லிவிட்டு வாசலை விட்டு இறங்கி நடந்தாள். அவள் நடந்ததைப் பார்த்து மாரியம்மாள் சட்டியைத் தூக்கினாள், பிறகு மற்றவர்களும். இருட்டுவதற்கு முன்னால் பன்னிரண்டு வீடும் காலி.

மூன்றாம் நாள் காலை வெயிலே வராத மழையில் மேற்குச் சரிவு இறங்கியது. அந்தச் சத்தத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏழு வீடு போயிற்று. செல்வி வீடு இருந்த இடத்தில் ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் ஸ்டோர் வாசலில் நின்று தலைகளை எண்ணினோம், எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினோம். சரியாக இருந்தது. உங்கம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன். லயத்தைக் காலி செய்ததையும் சரிவு இறங்கினதையும் மாப்பிள்ளை உனக்கு எழுதிவிட்டார். இனி எழுதப்போவது அவருக்கும் தெரியாது.

உன் மேப்பை ஆபீஸ் சுவரில் ஒட்டின அன்றைக்கே நான் பார்த்தேன். உன் கடிதம் வருவதற்கு ஒன்பது நாளைக்கு முன்னால். மேற்குச் சரிவின் மஞ்சளைப் பார்த்தேன். அது மஞ்சள் இல்லை என்று எனக்குத் தெரியும், அந்த மண்ணில் தண்ணீர் உருண்டு ஓடினதை என் கண்ணால் பார்த்தவன் நான். கிளார்க், “மகன் போட்டதா?” என்று கேட்டார். “என் மகன்தான்” என்று சொல்லி ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துக்கொண்டு அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. என் மகன் படித்தவன், வானத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இந்தக் குப்பித் தண்ணீர் எந்த மூலைக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது பாதி நிஜம். மீதியும் சொல்கிறேன். மேப் தப்பு என்று நான் வாயைத் திறந்தால், மேற்குச் சரிவை நீ பார்க்கவே இல்லை, காலில் அடிபட்டு அப்பனை அனுப்பினாய் என்பது வெளியே வரும், உன் மேலதிகாரி காதுக்குப் போகும், வெளிநாட்டுப் பயிற்சி போய்விடும் என்று பயந்தேன். என் மகள் அந்தச் சரிவுக்குக் கீழே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்க, நான் மகனின் உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். தினமும் அவள் வீட்டுக்குப் போய்ப் பேரனைக் கொஞ்சிவிட்டு, வானத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் மழை வரவில்லை என்று திரும்பி வந்தேன். நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்து சும்மா இருந்தேன். கொல்லப் பார்த்த கை என்று ஒன்று இருந்தால் அது உன் கை இல்லை.

அதனால் வேலையை விடுகிறேன் என்று எழுதினதைக் கிழித்துப் போடு. மண்ணைப் பார்த்துவிட்டு வந்தவன் எழுதிக் கொடுத்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதே, உட்கார வைத்துச் சொல்லச் சொல், எந்தப் பேச்சில் சொல்கிறான் என்று கேள். உன் மேப்புக்கு முன்னால் ஒருத்தன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றால், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதே, அவனிடம் போய்க் கேள். நீ வந்து கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது, அதுவும் நிச்சயமில்லை. மேற்குச் சரிவை நான் எழுதிக் கொடுத்தேன் என்று உன் மேலதிகாரிக்கு நீயே சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள். பயிற்சியை நிறுத்தினால் நிறுத்தட்டும், நீயாக நிறுத்தாதே. இன்னும் எத்தனை மலை எரியப் போகிறதோ, அதற்குக் கீழே எத்தனை லயம் இருக்கிறதோ. அங்கேயெல்லாம் மேப் போட இதைப் போல் ஒருதரம் நடுங்கினவன்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

உனக்கு எழுதும் முன்னால் செல்வியிடம் சொல்லிவிட்டேன், காலையில், அவள் ஸ்டோர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருப்பாக என்று சொன்னவளிடம், தெரிந்தும் ஒன்பது நாள் சொல்லவில்லை என்று சொல்வது எளிதாக இல்லை. கையில் இருந்த துணியைப் பிழிந்தாள், பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. “அண்ணனுக்குத் தெரியுமா?” என்றாள். தெரியாது என்றேன். “எழுதுங்க. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மத்தியானம் எனக்குச் சோறு போட அவள் வரவில்லை, உங்கம்மாதான் போட்டாள்.

இதுவரை எழுதினதைச் சாயந்திரம் செல்விக்கு வாசித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். முடித்த பிறகும் பிள்ளையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இவள் இனி என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்து நான் காகிதத்தை மடிக்கத் தொடங்கினேன். அப்போது, “மடிக்காதீக. இன்னும் ஒண்ணு எழுதணும்” என்று சொல்லிப் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக் காகிதத்தை அவளே வாங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

அண்ணா, அப்பா மடியில பையன் தூங்கிட்டான். எனக்கு ரெண்டு பேரு மேலயும் கோபம் இருக்கு, அது என் பாடு. நீ பயிற்சிக்குப் போய்ட்டு வா.